வலித்தது நிஜம்தான்

அந்த ஆஸ்பத்திரியின் சதைப் பரிசோதனைக் கூடத்தில் பென்சிலம்மாவிடம் திட்டு வாங்காதவர்கள் என்று கணக்கெடுத்தால் இரண்டே பேர்தான் தேறுவார்கள். ஒருவர் பெரிய டாக்டர். இன்னொருவர், அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே செத்துப்போன வாட்ச்மேன். மற்றபடி தரை துடைக்கிறவர்களிலிருந்து புதிதாக வந்த சின்ன டாக்டர்கள் வரைக்கும் அத்தனை பேரும் ஒரு நாளாவது அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அழகுக்காக இல்லை, வேலைக்காக. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி அனுப்புவார்கள். அந்தக் கட்டியை மெஷினில் மாட்டி, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தியெடுத்து, சாயமேற்றி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். கண்ணாடியின் சொரசொரப்பான ஓரத்தில் நோயாளியின் எண். பேனாவால் எழுதினால் பின்னால் வரும் மருந்துக் குளியலில் மை கரைந்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.

அந்த எண்ணை எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. கட்டி மெஷினில் ஏறிய பிறகுதான் அதற்கான கண்ணாடியை எடுக்க வேண்டும், அப்போதுதான் எண்ணை எழுத வேண்டும். அது முடிந்த பிறகே அடுத்த கட்டியைத் தொடலாம். வேலை சுருக்கா முடியட்டும் என்று முன்கூட்டியே வரிசையாக எண் போட்டுக் கண்ணாடிகளை அடுக்கி வைக்கவே கூடாது. யாராவது அப்படி அடுக்கி வைத்திருப்பதைக் கண்டால் பென்சிலம்மா அத்தனையையும் அள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டுவாள். அடுக்கியவர் சாரி மேடம் என்று வந்து நின்றால் அவளிடம் ஒரே பதில்தான். “உங்க சாரியை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாக்க முடியுமா?”

வீட்டிலும் அதே லட்சணம்தான். மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் முப்பது வருஷத்தில் ‘என் மேல்தான் தப்பு’ என்று அவள் வாயால் கேட்டதே கிடையாது. சண்டையில் தப்பு அவள் பக்கம் என்றால் மறுநாள் அவர் சட்டை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கும். தீர்ப்பு வந்துவிட்டது என்று சொல்லி அவரும் மாட்டிக்கொண்டு கிளம்புவார். மனிதர் பொறுமைசாலி. பொறுமைசாலியாக இல்லாவிட்டால் என்றைக்கோ ஓடியிருப்பார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்கிறார்கள். சறுக்கிய யானை தானே விழும், அதோடு போச்சு. இவள் சறுக்கியதில் விழுந்தது வேறு இரண்டு பெண்கள்.

அன்றைக்குக் கூடத்தில் இரண்டு பேர் லீவு. தொண்ணூறு கட்டிகள் காத்திருந்தன. மத்தியானத்துக்குள் வேண்டும் என்று மேலேயிருந்து மூன்று தடவை ஆள் வந்துவிட்டது. பென்சிலம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். தன்னைக் கேட்க ஆள் ஏது என்று நினைத்தாளோ, தனக்கெல்லாம் தப்பு வராது என்று நினைத்தாளோ, கண்ணாடிகளை வரிசையாகப் பரப்பி மளமளவென்று எண்களை முன்னாலேயே எழுதிவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டும் நானூற்றுப் பதின்மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் மார்பிலிருந்து எடுத்த துணுக்குகள். நடுவில் யாரோ ஜன்னலில் கூப்பிட்டார்கள். போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவள், தொட்டியில் மிதந்தவற்றில், இதில் ஏந்த வேண்டியதை அதிலும், அதில் ஏந்த வேண்டியதை இதிலும் ஏந்தினாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பதின்மூன்று ஒரு தையல்காரம்மாவுடையது. வெறும் கொழுப்புக் கட்டி. அவளுக்குப் புற்றுநோய் என்று அறிக்கை போனது, அந்த மாதத்துக்குள் மார்பை எடுத்துவிட்டார்கள். எடுத்த மார்பில் நோய் எதுவும் தென்படவில்லை. சின்னதாக இருந்திருக்கும், முதல் துணுக்கோடே வந்திருக்கும் என்று பெரிய டாக்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தையல்காரம்மா தான் பிழைத்துக்கொண்டதாக நம்பி எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

பன்னிரண்டு ஒரு தபால்காரியுடையது. முப்பத்தெட்டு வயது, சைக்கிளில் நாலு தெருவுக்குத் தபால் கொண்டுபோகிறவள். அவளிடம் ஒன்றுமில்லை, பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். அவளும் போனாள்.

எட்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது அக்குளில் கட்டி, முதுகெலும்பில் வலி. மறுபடி துணுக்கு எடுத்தார்கள். முற்றிய நோய், எலும்புவரைக்கும் போயிருந்தது. பெரிய டாக்டருக்குச் சுருக்கென்றது. பழைய கண்ணாடியைக் கொண்டு வா, பழைய மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாக ஒன்று சீவு என்று பென்சிலம்மாவிடம் சொல்லியனுப்பினார்.

அவளே சீவினாள். அவளே சாயமேற்றினாள். டாக்டரிடம் கொடுப்பதற்கு முன்னால் அவளே கண்ணை வைத்துப் பார்த்தாள். இருபத்தேழு வருஷம் பார்த்த கண்ணுக்கு அறிக்கை தேவையில்லை. புதிதாகச் சீவியதில் நோய் இருந்தது, பழைய கண்ணாடியில் இல்லை. உடனே அடுத்த எண் கண்ணாடியையும் தேடி எடுத்தாள்.

இரண்டு பழைய கண்ணாடிகளும் மேஜையில் கிடந்தன. பென்சில் எழுத்து. பக்கத்தில் ரப்பர். இரண்டு எண்களையும் அழித்து மாற்றி எழுதிவிட்டால் கண்ணாடி சரியாகிவிடும், பார்த்துச் சொன்ன டாக்டர்தான் தவறு என்று ஆகிவிடும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று முடிந்துவிடும். அறையில் யாரும் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அவள் ரப்பரை எடுத்தாள். ஒரு எண்ணின் கடைசி இலக்கத்தை அழித்தும்விட்டாள். பிறகு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளோ, அதே இடத்தில் அதே இலக்கத்தைத் திரும்ப எழுதினாள். எழுதிவிட்டு நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த மார்புல ஒண்ணுமே இல்லன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்” என்றார். “நானும் அப்ப அதை விட்டுட்டேன்.” அவளை வெளியே போய் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

பிறகு விஷயம் நிர்வாகியின் கைக்குப் போனது. அங்கே ஆரம்பித்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வக்கீல் வந்தார், கூட்டம் போட்டார்கள். நோயாளிகளிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, முறைப்படி கடிதம் போகும் என்று உத்தரவு. தபால்காரிக்கு முதல் கடிதம் போக மூன்று வாரம் ஆனது. ‘தங்களது பரிசோதனை தொடர்பான நடைமுறையில் நேர்ந்த குறைபாட்டினால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ சிரமமாம்! பஸ் வராவிட்டால் சிரமம், லிஃப்ட் ஓடாவிட்டால் சிரமம். தையல்காரம்மாவுக்கு அதுகூடப் போகவில்லை, அது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம் என்று விட்டுவைத்தார்கள்.

தபால்காரி அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டாள். எத்தனையோ வருஷம் ஊரார் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவள், தன் பெயருக்கு வந்ததற்கு அர்த்தம் புரியாமல் ஜன்னல் ஜன்னலாக நீட்டிக் கேட்டாள். மாடிக்குப் போ என்றார்கள், மாடியில் கீழே போ என்றார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள். பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவு வழியாகப் பென்சிலம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். தபால்காரி படியிறங்கப் போன நேரத்தில் இவள் கால் தானாக எழுந்து அவள் பின்னால் போய்விட்டது. தாழ்வாரத்து பெஞ்சில் அவளை உட்கார வைத்து, தான்தான் அந்தக் கண்ணாடியில் மாற்றி எடுத்தவள் என்று சொன்னாள். மேற்கொண்டு சொல்வதற்கு நிறைய வைத்திருந்தாள். தபால்காரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அப்பவே எனக்கு இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

“அப்ப, வலிச்சது நிஜம்தானே?”

பென்சிலம்மா தலையாட்டினாள். தபால்காரி கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டே வீட்டுக் கதையைச் சொன்னாள். வலிக்கிறது என்று இவள் சொல்லும்போதெல்லாம் குழாய் வேலை பார்க்கிற புருஷன், அதான் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்களே, தபால் பையை அடுத்த தோளில் மாட்டு என்றான். மாமியார், வேலைக்குக் கள்ளம் போடுகிறாள் என்றாள். லீவு கேட்டதற்குத் தபாலாபீஸில் நடிகை என்று பட்டம். இப்போது நோய் என்று தெரிந்த பிறகாவது வாயை மூடினார்களா என்றால் அதுவும் இல்லை. ‘பொய்யா வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிச் சொல்லியே வரவழைச்சுக்கிட்டா’ என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பதினாலு வயது மகள் அதை நம்பிக்கொண்டு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள் தபால்காரி.

“நான் சொன்னா எடுபடாது. நீங்க எங்க வீட்டுக்கு வந்து, அவங்க முன்னாடி சொல்லுவீங்களா?”

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று பென்சிலம்மா வாக்குக் கொடுத்தாள்.

தாழ்வாரத்துக்கும் காது உண்டு. மறுநாளே நிர்வாகி கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் நோயாளி வீட்டுக்குப் போய் ஏதாவது உளறினால் ஆஸ்பத்திரி உங்களைக் காப்பாற்றாது என்றார். வீட்டில் புருஷனும் அதையே வேறு விதமாகச் சொன்னார். “நீ சொன்னா அந்தப் பொம்பளைக்கு உடம்பு சரியாயிடுமா? சும்மா இரு.” அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பென்சிலம்மா குளித்தாள், புடவை மாற்றினாள், செருப்பையும் போட்டுக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அலமாரியை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். ஊரில் அத்தனை பேரையும் தப்புக்குத் தப்பு நிற்கவைத்துக் கேட்டவள், தன் முறை வந்ததும் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். இதை நியாயப்படுத்த ஒன்றும் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, அதனால் போகவில்லை.

அந்த வாரம் முழுக்க யாரையும் திட்டவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் அது திட்டைவிடப் பெரிய பயமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பழைய விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில், போனால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்தாள். முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது. இரண்டு பேர் லீவு, தொண்ணூறு கட்டி, மேலேயிருந்து அவசரம், ஜன்னலில் யாரோ கூப்பிட்டது, இருபத்தேழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. படித்துப் பார்த்தால் மன்னிப்பு மாதிரியே இல்லை, லீவு லெட்டர் மாதிரி இருந்தது. லீவு போட்டவர்களை அடித்தாள். தொண்ணூறை அடித்தாள். இருபத்தேழு வருஷத்தை அடிக்கத்தான் மனசு வரவில்லை, கடைசியில் அதையும் அடித்தாள். மிஞ்சியது நாலு வரி. அதைப் பெரிய டாக்டரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். நிர்வாகியிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில் சைக்கிள் நின்றது, இரண்டு டயரிலும் காற்று இல்லை. கதவைத் திறந்தது மாமியார். நீ யாரம்மா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே விட்டாள். இரண்டே அறை. முன்னறையில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். தபால்காரி இரண்டு வாரத்தில் பாதியாகியிருந்தாள், இப்போது எழுந்து நடக்க முடியாது. இவளைப் பார்த்ததும் ‘போன வாரம்’ என்று மட்டும் சொன்னாள். புருஷன் தரையில் உட்கார்ந்து ஒரு குழாயின் திருகைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். மகள் உள்ளறை வாசலில் புத்தகத்தோடு நின்றாள், வரவும் இல்லை போகவும் இல்லை.

உட்காரச் சொன்னார்கள். பென்சிலம்மா உட்காரவில்லை. தாளைக் கைப்பையிலிருந்து எடுத்தாள், எழுத்து கண்ணில் நிற்கவில்லை, அதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

“முதல் தடவை இவங்க பரிசோதனைக்கு வந்தப்பவே இவங்களுக்கு நோய் இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னு வந்த அறிக்கை இவங்களோடது இல்ல, வேற ஒருத்தரோடது. மாத்தி எடுத்தது நான். இவங்க வலிக்குதுன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் வலிச்சது நிஜம். இவங்க ஒரு பொய்யும் சொல்லல. தப்பு முழுக்க எங்க பக்கம்.”

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள். அதெப்படி, டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே என்றாள். அந்த டாக்டரும் இதில் எழுதியிருக்கிறார் என்று பென்சிலம்மா தாளை நீட்டினாள். மாமியார் வாங்கவில்லை. புருஷன் வாங்கினான். படித்தான், மறுபடி படித்தான்.

“அப்பவே தெரிஞ்சிருந்தா இவ பொழைச்சிருப்பாளா?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லக் கூடாது என்று நிர்வாகி விலாவாரியாகச் சொல்லியிருந்தார். பென்சிலம்மா, “பொழைச்சிருப்பாங்க. பெரும்பாலும் பொழைச்சிருப்பாங்க” என்றாள்.

அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த திருகையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தார்கள், கட்டிலில் கிடந்தவளும்தான். அவன் எழுந்து, தண்ணீர் வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனான். தபால்காரி மகளிடம் முகத்தைத் திருப்பினாள்.

“கேட்டியாம்மா?”

மகள் தலையாட்டினாள். புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கட்டில்வரைக்கும் வந்தாள், உட்காரத் தெரியாமல் நின்றாள்.

பென்சிலம்மா அப்போதுதான் தாளில் எழுதியிருந்த கடைசி வரியைச் சொன்னாள், என்னை மன்னிச்சிருங்கம்மா என்று. தபால்காரி கண்ணை மூடிக்கொண்டாள். “நீங்க போலாம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னாள்.

மறுநாள் பெரிய டாக்டரும் பென்சிலம்மாவும் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார்கள். அங்கே நடந்தது இதைவிட மோசம். அவள் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, நிஜமாகவா நிஜமாகவா என்று நாலு தடவை கேட்டாள், பிறகு கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குள்ளிருந்து கேட்ட சத்தத்தைப் பற்றி இரண்டு பேரும் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரி பென்சிலம்மாவை மெஷினிலிருந்து எடுத்துப் பழைய கோப்புகள் வைக்கிற அறைக்கு மாற்றியது.

ஒரு மாதம் கழித்து அந்த மகள் கோப்பறையைத் தேடிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட உடுப்பில் இருந்தாள், காலில் செருப்பு அறுந்திருந்தது. அம்மா போய்ப் பத்து நாளாகிறது என்று சொன்னாள். பென்சிலம்மா வந்துபோனதற்கு அப்புறம் பத்தொன்பது நாள் இருந்தாளாம். அந்தப் பத்தொன்பது நாளும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கூடவே படுத்திருந்ததாகச் சொன்னாள். அப்பா கடைசிவரைக்கும் ஒன்றும் பேசவில்லை என்றாள். பாட்டி இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றாள்.

பென்சிலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் உட்காரவில்லை.

“அம்மா உங்களை மன்னிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி. சொல்லல. நான் வேற ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். முதல் ஞாயித்துக்கெழமையே வர்றதாச் சொல்லியிருந்தீங்களாமே?”

“ஆமா.”

“அன்னிக்கு அம்மா தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாங்க. யார் வர்றாங்கன்னு கேட்டேன். சொல்லல. அதுவும் நடிப்புன்னு நெனச்சு அந்த வாரம் முழுக்க நான் பேசவே இல்ல. அப்ப அவங்க நல்லாப் பேசிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் நான் பேச வந்தப்ப அவங்களுக்குப் பாதி நேரம் நினைவு இல்ல.” அவள் நிறுத்தினாள். “ஏன் வரல?”

லீவு, அவசரம், நிர்வாகி, புருஷன் என்று சொல்வதற்கு எத்தனையோ இருந்தன.

“பயந்துட்டேன்” என்றாள் பென்சிலம்மா.

அந்தப் பெண் சரி என்று சொல்லிவிட்டு, அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.